ஒரே குறிமுறை, பல வீதம்: வன்னியிலிருந்து வரும் கேள்விகளும் பதில்களும்

கிளிநொச்சியில் உயர்தரப் பிள்ளைகளுக்கும், தொழில்நுட்பப் படிப்பு முடித்து வேலைக்குப் போகும் இளையவர்களுக்கும் தொடர்பாடல் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். "ரவர் தெரியுது, ஏன் டேட்டா ஓடுதில்லை?" என்று தொடங்குகிற கதை, கொஞ்ச நேரத்தில் வழு திருத்தும் குறிமுறைகளில் வந்து நிற்கும். ஒரே குறிமுறையை வைத்துக்கொண்டு இடத்துக்கும் நேரத்துக்கும் ஏற்றபடி பாதுகாப்பைக் கூட்டிக் குறைக்கிற வித்தை பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

குறிமுறை வீதம் என்றால் என்ன?

நீங்கள் அனுப்ப நினைத்த பிட்டுகளின் எண்ணிக்கையை, உண்மையில் காற்றில் போகிற பிட்டுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது. 100 பிட் செய்திக்கு 200 பிட் அனுப்பினால் வீதம் 1/2. அதே 100 பிட்டுக்கு 120 பிட் அனுப்பினால் வீதம் 5/6. மேலதிகமாகப் போகிற பிட்டுகள் வெறும் பிரதிகள் இல்லை. செய்திப் பிட்டுகளை ஒரு விதிப்படி கூட்டி எடுத்தவை. வழியில் சில பிட்டுகள் பழுதானாலும், அந்த விதியை வைத்து மறுபக்கம் சரியானதைக் கண்டுபிடித்துவிடும்.

வீதம் 1ஐ நெருங்கினால் வேகம் கூடும், பாதுகாப்பு குறையும். கீழே இறங்கினால் பாதுகாப்பு கூடும், அதே நேரத்தில் போகிற உண்மையான தரவு குறையும்.

ஒரு நல்ல வீதத்தைத் தெரிந்து அதையே எல்லோருக்கும் வைத்தால் என்ன?

மாங்குளம் சந்தியில் ரவருக்குக் கிட்ட நிற்கிறவருக்கும், ஒட்டுசுட்டான் பக்கம் பாலையும் முதிரையும் அடர்ந்த காட்டுக்கு அங்கால் வயலில் நிற்கிறவருக்கும் ஒரே வீதம் எப்படிப் பொருந்தும்? முதலாமவருக்கு 1/3 வைத்தால் அவருடைய வேகத்தில் பெரும்பகுதியைத் தேவையில்லாமல் பறித்துவிடுகிறோம். இரண்டாமவருக்கு 9/10 வைத்தால் அவருக்கு எதுவுமே போய்ச் சேராது. நடுவில் ஒன்றை வைத்தால் இரண்டு பேருக்கும் நட்டம்.

1948இல் குளோட் ஷனன் நிறுவியது இதுதான்: ஒவ்வொரு தொடர்பு வழிக்கும் ஒரு கொள்ளளவு உண்டு. அதற்குக் கீழே உள்ள எந்த வேகத்திலும் வழுவை நாம் விரும்பிய அளவுக்குக் குறைக்கலாம். அதற்கு மேலே முடியாது. இரைச்சலோடு ஒப்பிடும்போது சமிக்ஞை எவ்வளவு பலமோ அதைப் பொறுத்துக் கொள்ளளவு மாறும். ஏ9 வீதியில் ஓமந்தையிலிருந்து பரந்தன் வரை பஸ்ஸில் போகிற ஒருவருடைய போனுக்கு அந்தக் கொள்ளளவு வழிநெடுக ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். ஒரே வீதத்தில் நிற்கிற குறிமுறை அந்தப் பயணத்தில் ஓரிரு இடங்களில் மட்டுமே பொருத்தமாக இருக்கும்.

எண்ணில் சொன்னால் இன்னும் வடிவாக விளங்கும். 4ஜி எல்டிஇ நியமத்தில் போன் தன்னுடைய வழியின் தரத்தை 1 முதல் 15 வரை ஒரு எண்ணால் ரவருக்குச் சொல்லிக்கொண்டிருக்கும். 1 என்றால் வீதம் 78/1024, அதாவது செய்தியைப் போலப் பதின்மூன்று மடங்கு பிட்டுகள் போகின்றன. அடிப்படை அட்டவணையில் 15 என்றால் 948/1024, கிட்டத்தட்ட மேலதிகமே இல்லை. இதோடு ஒரு குறியீட்டில், அதாவது ஒரு தரம் அனுப்புகிற அலைத் துண்டில், எத்தனை பிட் ஏற்றுவது என்பதும் மாறுவதால், அடிமட்டத்துக்கும் உச்சத்துக்கும் இடையில் 36 மடங்கு வித்தியாசம் வருகிறது. ஒரே ரவர், ஒரே சேவை, ஒரே மாதிரி போன்.

அப்படியென்றால் ஒவ்வொரு வீதத்துக்கும் ஒரு தனிக் குறிமுறை செய்து வைக்கலாமே?

செய்யலாம்தான். ஆனால் பத்து வீதத்துக்குப் பத்து டிகோடர், அதாவது வந்த பிட்டுகளிலிருந்து செய்தியை மீட்கிற பகுதி, போனுக்குள் இருக்க வேண்டும். சிப்பில் இடம், மின்கலத்தின் சக்தி, விலை எல்லாம் ஏறும். டிகோடர்தான் இதில் பாரமான வேலை. அனுப்புகிற பக்கம் ஒப்பீட்டளவில் சுலபம்.

1979இல் கெயின், கிளார்க், கைஸ்ட் என்ற மூவரும் இதற்கு ஒரு வழி காட்டினார்கள். வீதம் குறைந்த ஒரு தாய்க் குறிமுறையை மட்டும் வைத்துக்கொள். வேகம் வேண்டிய நேரத்தில், அது தருகிற பிட்டுகளில் சிலவற்றை, இரு பக்கமும் முன்கூட்டியே அறிந்த ஒழுங்கில், அனுப்பாமல் விட்டுவிடு. மறுபக்கத்து டிகோடர் வராத இடங்களில் "தெரியாது" என்று குறித்துக்கொண்டு, தாய்க் குறிமுறையின் அதே டிகோடரையே ஓட்டும். பொறியியலாளர்கள் இதைப் பங்சரிங் என்கிறார்கள். நான் துளையிடல் என்று எழுதுகிறேன்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அனுப்பாமல் விட்ட பிட் 0வும் இல்லை, 1உம் இல்லை. டிகோடருக்கு அது வெறுமை. பிழையான பிட் டிகோடரைத் தவறான பக்கம் இழுக்கும். வெறுமை எந்தப் பக்கமும் இழுக்காது. துளையிட்டும் குறிமுறை வேலை செய்வதன் காரணம் இதுதான்.

தாளில் செய்து காட்ட முடியுமா?

முடியும். ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு கூடவே செய்து பாருங்கள்.

சிறிய சுருள் குறிமுறை ஒன்றை எடுப்போம். ஒவ்வொரு பிட் உள்ளே வரும்போதும் இரண்டு பிட் வெளியே போகும். முதல் வரிக்கு: இப்போதைய பிட், அதற்கு முந்தியது, அதற்கும் முந்தியது ஆகிய மூன்றையும் கூட்டு. இரண்டாம் வரிக்கு: இப்போதையதையும் இரண்டு படி முந்தியதையும் மட்டும் கூட்டு. கூட்டுத்தொகை ஒற்றை என்றால் 1, இரட்டை என்றால் 0. தொடக்கத்தில் பழைய பிட் எல்லாம் 0.

செய்தி 1 0 1 1. முடிவில் என்கோடரைப் பழைய நிலைக்குக் கொண்டுவர இரண்டு 0 சேர்க்கிறோம். ஆகவே உள்ளே போவது:

1 0 1 1 0 0

வெளியே வருவது:

முதல் வரி: 1 1 0 0 0 1
இரண்டாம் வரி: 1 0 0 1 1 1

6 பிட் உள்ளே, 12 பிட் வெளியே. வீதம் 1/2. இனித் துளையிடுவோம். மும்மூன்றாகப் பிரித்து, முதல் வரியில் ஒவ்வொரு மூன்றாவதையும், இரண்டாம் வரியில் ஒவ்வொரு மூன்றின் நடுவையும் விட்டுவிடுங்கள்:

முதல் வரி: 1 1 × 0 0 ×
இரண்டாம் வரி: 1 × 0 1 × 1

இப்போது காற்றில் போவது 8 பிட். 6 உள்ளே, 8 வெளியே, வீதம் 3/4. முடிவில் சேர்த்த இரண்டு 0வையும் இந்தக் கணக்கில் உள்ளே வந்ததாகவே எடுத்திருக்கிறேன். நீளமான செய்தியில் அது பொருட்டாக இருக்காது.

மறுபக்கத்தில் சமிக்ஞை நல்லதென்றால் இந்த 8 பிட்டிலேயே செய்தி கிடைத்துவிடும். கிடைக்கவில்லை என்றால்? பெருக்கல் குறி போட்ட நான்கு இடங்களிலும் இருந்த 0, 1, 0, 1 என்ற நாலு பிட்டையும் மட்டும் அனுப்பு. முன்பு வந்த எட்டோடு இவை சேர, டிகோடரின் கையில் வீதம் 1/2 கொண்ட முழுக் குறிமுறை வந்துவிடும். முன்பு அனுப்பிய ஒரு பிட்கூட வீணாகவில்லை. முதல் தரம் இதைத் தாளில் செய்து பார்த்து முடித்ததும் பிள்ளைகளின் முகத்தில் வருகிற மலர்ச்சிக்காகவே நான் இந்தப் பாடத்தைக் கரும்பலகையில் மட்டும் நடத்துவதில்லை.

எந்தப் பிட்டை வேண்டுமானாலும் விடலாமா?

இல்லை. கண்டபடி விட்டால் இரண்டு வேறு செய்திகள் ஒரே மாதிரித் தெரியத் தொடங்கிவிடும். எந்த ஒழுங்கில் விட்டால் செய்திகளுக்கிடையில் உள்ள தூரம் (காற்றில் போகும்போது அவை எத்தனை பிட்டில் வேறுபடுகின்றன என்பது) குறைந்த அளவே சுருங்கும் என்று கணினியில் தேடி எடுத்த அட்டவணைகளைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

செய்மதித் தொலைக்காட்சியின் பழைய நியமமான டிவிபி-எஸ்ஸில் உள்ள சுருள் குறிமுறையை எடுங்கள். வீதம் 1/2இல் இந்தக் குறைந்தபட்சத் தூரம் 10. 2/3இல் 6, 3/4இல் 5, 5/6இல் 4, 7/8இல் 3. முதல் துளையிலேயே பெரிய விலை கொடுக்கிறோம். அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக இறங்குகிறது.

துளையிட்ட குறிமுறை எல்லாம் வீத இசைவுக் குறிமுறையா?

இல்லை. இந்த வேறுபாட்டைப் பலர் தவறவிடுகிறார்கள்.

மேலே சொன்ன டிவிபி-எஸ்ஸில் 2/3க்கு ஒரு துளை ஒழுங்கு, 3/4க்கு வேறொரு ஒழுங்கு. 3/4இல் அனுப்புகிற பிட்டுகள் எல்லாம் 2/3இலும் இருக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. எனவே 3/4இல் அனுப்பிவிட்டு "போதவில்லை, கொஞ்சம் கூட்டி 2/3 ஆக்கு" என்று சொல்ல முடியாது. முதலிலிருந்துதான் அனுப்ப வேண்டும்.

1988இல் ஜெர்மன் பொறியியலாளர் யோவாகிம் ஹேகனாவர் ஒரு நிபந்தனை போட்டார்: வேகமான வீதத்தில் போகிற ஒவ்வொரு பிட்டும், அதைவிட மெதுவான எல்லா வீதங்களிலும் இருந்தே ஆக வேண்டும். அந்த நிபந்தனைக்கு உட்பட்டுத் தேடியபோதும், வீதம் 1/4 கொண்ட ஒரு தாயிலிருந்து 8/9 வரையில் ஒரு முழுக் குடும்பத்தையே எடுக்க முடிந்தது. நிபந்தனையால் வந்த இழப்பு சிறிது. வேகமான குறிமுறை மெதுவானதற்குள் அடங்கி இருக்கிறது, அது இன்னும் மெதுவானதற்குள். இதைத்தான் வீத இசைவு என்கிறோம்.

இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த ஒரே வரி இந்த நிபந்தனை. ஒரு வரியில் எழுதிவிடக்கூடிய விதி, இன்றைக்கு உங்கள் கையில் உள்ள போன் ஒவ்வொரு விநாடியும் பல நூறு தரம் செய்கிற வேலைக்கு அடித்தளமாக இருக்கிறது.

அதே குடும்பத்தால் இன்னொரு பயனும் உண்டு. ஒரே செய்திக்குள்ளேயே முக்கியமான பகுதிக்கு மெதுவான வீதமும், மற்றதற்கு வேகமான வீதமும் கொடுக்கலாம். டிகோடரை மாற்ற வேண்டியதில்லை. டிஜிட்டல் வானொலி நியமமான டிஏபியில் ஒலியின் முக்கியமான பிட்டுகளை இப்படித்தான் கூடுதலாகக் காக்கிறார்கள்.

போனில் இது எந்த இடத்தில் நடக்கிறது?

மோசமான லைனில் ஒருவருக்கு அடையாள அட்டை இலக்கம் சொல்வதை நினைத்துப் பாருங்கள். முதலில் ஒரே மூச்சில் சொல்வீர்கள். அங்கே "நடுவிலே விளங்கேல்லை" என்றால், கேட்ட பகுதியை அவர் எழுதி வைத்திருப்பார் என்று தெரிந்து, விளங்காத இடத்துக்கு உதவுகிற விதமாக மட்டும் திருப்பிச் சொல்வீர்கள். போனும் ரவரும் செய்வது இதுதான். பெயர் ஹைப்ரிட் ஏஆர்கியூ.

எல்டிஇயில் இது எப்படி என்று பார்ப்போம். தாய்க் குறிமுறை டர்போ, வீதம் 1/3. டர்போ குறிமுறையை 1993இல் பெரூ, கிளாவியூ, திதிமஜ்ஷிமா ஆகியோர் வெளியிட்டபோது, ஷனனின் எல்லைக்கு அவ்வளவு கிட்டப் போக முடியும் என்பதை முதலில் பலர் நம்பவில்லை. ஒரு துண்டில் 6144 பிட் வரை போடலாம். வெளியே வருகிற மூன்று பங்கில் ஒன்று செய்தியே; மற்ற இரண்டும் மேலதிக பிட்டுகள். மூன்றையும் நன்றாகக் கலைத்து ஒரு வட்டத்தில் அடுக்கிவிடுகிறார்கள், செய்தி முன்னால், மேலதிகம் பின்னால்.

வீதம் வேண்டுமா? வட்டத்தில் ஒரு புள்ளியில் தொடங்கி, எத்தனை பிட்டுக்கு இடம் கிடைத்திருக்கிறதோ அத்தனையை எடுத்து அனுப்பு. குறைவாக எடுத்தால் வேகமான வீதம். கூட எடுத்தால் மெதுவானது. ஒரு சுற்று முடிந்த பிறகும் இடம் மிஞ்சினால் மீண்டும் முதலில் இருந்து எடு. வீதம் 1/3க்கும் கீழே இறங்கும். மேலே சொன்ன 78/1024 அப்படி வருவதுதான். பழைய துளை அட்டவணைகள் எல்லாம் போய், ஒரு தொடக்கப் புள்ளியும் ஒரு நீளமும் மட்டும் மிஞ்சின. எவ்வளவு அழகான எளிமை!

வட்டத்தில் நான்கு தொடக்கப் புள்ளிகள் குறிக்கப்பட்டிருக்கும்: 0, 1, 2, 3. முதல் தரம் 0இலிருந்து. பிழைத்தால் வழமையாக 2, பிறகு 3, பிறகு 1. ஒவ்வொரு தரமும் வட்டத்தின் வேறு ஒரு பகுதி வருகிறது. போன் பழையதைத் தூக்கி எறியாமல் வைத்திருந்து புதியதோடு சேர்த்து டிகோட் செய்யும். வழமையான எல்டிஇ இணைப்பில் அனுப்பி, பதில் வந்து, மறுபடி அனுப்ப ஏறத்தாழ 8 மில்லிசெக்கன். அந்த இடைவெளியில் சும்மா இருக்காமல் எட்டு வேலைகளை ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிடுகிறார்கள்.

முதல் தரத்திலேயே எல்லாம் சரியாக வந்துவிட வேண்டும் என்று ரவர் முயல்வதும் இல்லை. பத்தில் ஒன்று பிழைக்கும் அளவுக்கு வீதத்தை வைத்து அனுப்பிவிட்டு, பிழைப்பதை மேலதிக பிட்டுகளால் தூக்கி எடுப்பதுதான் இலக்கு. எப்போதும் பயந்து மெதுவாக அனுப்புவதைவிட இது மொத்தத்தில் வேகம்.

அதே பிட்டுகளைத் திருப்பி அனுப்பினால் போதாதா?

அதுவும் பயன்தான். ஒரே பிட் இரண்டு தரம் வந்தால் இரண்டையும் கூட்டிப் பலப்படுத்தலாம். 1985இல் டேவிட் சேஸ் இதை விளக்கினார். ஆனால் அங்கே கூடுவது சமிக்ஞையின் பலம் மட்டும். புதிய பிட்டுகளை அனுப்பினால் பலமும் கூடும், குறிமுறையின் வீதமும் இறங்கும். தொடக்கத்தில் வேகமான வீதத்தில் அனுப்பியிருந்தால் இந்த இரண்டாவது வழி தெளிவாகவே மேல்.

5ஜியில் என்ன மாறியது?

டர்போ போய், தரவுக்கு எல்டிபிசி வந்தது. ராபர்ட் கலாகர் 1960களின் தொடக்கத்தில் தந்த குறிமுறை. அந்தக் காலக் கணினிகளுக்கு அது பாரமாக இருந்ததால் முப்பது வருடத்துக்கு மேல் கிடப்பில் கிடந்தது. கட்டுப்பாட்டுச் செய்திகளுக்கு எர்டால் அரிகான் 2009இல் வெளியிட்ட போலார் குறிமுறை.

எல்டிபிசியில் வெறும் துளையிடல் அவ்வளவு பொருந்தாது. கூடத் துளைத்தால், பிட்டுகள் ஒன்றுக்கொன்று தகவல் கடத்தித்தான் திருந்த வேண்டிய டிகோடர் நடுவில் நின்றுவிடும். எனவே 5ஜியில் எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறார்கள்: வேகமான வீதத்துக்கு நல்லதொரு சிறிய கருவைச் செய்து, வீதம் குறைய வேண்டிய அளவுக்கு அதன் ஓரத்தில் புதிய மேலதிக பிட்டுகளை நீட்டிக்கொண்டே போவது. கரு அப்படியே உள்ளே இருப்பதால் ஹேகனாவரின் நிபந்தனை தானாகவே நிறைவேறும். பெரிய துண்டுகளுக்கு ஓர் அடிப்படை வரைபு (எந்தப் பிட் எதோடு பின்னியிருக்கிறது என்ற படம்), வீதம் 1/3 வரை நீளும்; சிறியவற்றுக்கு இன்னொன்று, 1/5 வரை நீளும். 8448 பிட் வரை முதலாவதில் போடலாம், 3840 வரை இரண்டாவதில்.

கேட்கிறவர்களை வியக்க வைக்கிற ஒரு சங்கதியும் உண்டு. 5ஜியில் செய்தியின் முதல் சில பிட்டுகளை எந்தத் தரத்திலும் அனுப்புவதே இல்லை. மற்றவற்றோடு அவை மிக நெருக்கமாகப் பின்னப்பட்டிருப்பதால் டிகோடர் அவற்றைத் தானே மீட்டுவிடுகிறது. அவற்றை விட்டு அந்த இடத்தில் மேலதிகம் அனுப்புவதுதான் நல்ல பலன் தருகிறது என்று வடிவமைத்தவர்கள் கண்டார்கள்.

மாரியில் டிஷ் ரிவி வெட்டுகிறது. மெனுவில் எஃப்இசி 3/4 என்று இருப்பதை 1/2 ஆக்கினால் சரியாகுமா?

ஆக்க வேண்டாம். அந்த எண் நீங்கள் தெரிவு செய்கிற வீதம் இல்லை. செய்மதியிலிருந்து எந்த வீதத்தில் வருகிறதோ அதைப் பெட்டிக்குச் சொல்வது. மாற்றினால் உள்ள படமும் போய்விடும். 'ஓட்டோ' என்று இருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள்.

சரி, மழை பெய்தால் செய்மதியே வீதத்தைக் குறைக்கலாமே? அங்கேதான் ரிவிக்கும் போனுக்கும் உள்ள வேறுபாடு. கார்த்திகையில் முல்லைத்தீவில் அடைமழை. அதே கற்றையின் கீழ் உள்ள வேறு ஊரில் வெயில். எல்லோருக்கும் ஒரே சமிக்ஞை. உங்கள் டிஷ்ஷிலிருந்து "எனக்கு விளங்கேல்லை" என்று மேலே சொல்ல வழியும் இல்லை. எனவே ஒளிபரப்புகிறவர்கள் கொஞ்சம் மழையைத் தாங்குகிற ஒரு வீதத்தை வைத்துவிட்டு இருக்க வேண்டியதுதான். தேவைக்கேற்ப வீதம் மாற வேண்டும் என்றால் பதில் சொல்கிற பாதை ஒன்று வேண்டும். அந்தப் பாதை உள்ள செய்மதி இணையத்தில் இது நடக்கிறது. டிவிபி-எஸ்2 நியமத்தில் 1/4 முதல் 9/10 வரை பதினொரு வீதங்கள் உண்டு. ஒவ்வொரு சட்டகத்துக்கும் அதை மாற்றலாம்.

உங்கள் பக்கத்தில் செய்யக்கூடியது: டிஷ்ஷைச் சரியாகத் திருப்பி இறுக்குவது, வயர் முனையில் தண்ணீர் இறங்காமல் அடைப்பது, முன்னால் வளர்ந்துவிட்ட மரக்கிளையை வெட்டுவது.

மழைக்குப் போனும் மெதுவாகிறதே?

போன் பயன்படுத்துகிற அலைகளுக்கு மழைத்துளி பெரிய தடை இல்லை. டிஷ்ஷுக்கு வருவது 10 கிகாஹேர்ட்சுக்கு மேலே, அதைத்தான் மழை உறிஞ்சுகிறது. ஆனால் வன்னியில் ரவருக்கும் வீட்டுக்கும் இடையில் காடு நிற்கிறது. நனைந்த இலை, காய்ந்த இலையைவிடக் கூடுதலாக அலையை விழுங்கும். மாரி முழுக்க இலைகள் நனைந்தே இருக்கும், போன் சொல்கிற தர எண் இறங்கும், வீதம் குறையும், நீங்கள் பார்க்கிற காணொளி சுற்றிக்கொண்டு நிற்கும். இணைப்பு அறுந்துவிடாமல் மெதுவாகவாவது நிற்பது இந்தக் குறிமுறைகளின் தயவில்தான். மழைக்காலத்தில் கரண்ட் போய் ரவரின் மின்கலம் இறங்குவது வேறு சங்கதி.

வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போனால் சிக்னல் முழுக்க இருக்கும், ஒன்றும் ஓடாது. ஏன்?

வைகாசியில் கண்ணகி அம்மன் கோயிலடியில் கூடுகிற சனத்துக்கு ரவரில் உள்ள நேரத்தையும் அலைவரிசையையும் பங்கு போட வேண்டும். உங்கள் முறை வருவதே அரிது. முறை வந்தால் பிட்டுகள் நல்லபடி வந்து சேரும். குறிமுறையால் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை. கூடுதல் ரவரோ தற்காலிக வண்டி ரவரோதான் தீர்வு.

எங்கள் வீட்டில் கோடு நாலு, ஓடுவதில்லை. தோட்டத்தில் கோடு இரண்டு, நன்றாக ஓடுகிறது.

கோடுகள் பெரும்பாலும் வருகிற சமிக்ஞையின் பலத்தைத்தான் காட்டும். வீதத்தைத் தீர்மானிப்பது, இரைச்சலோடும் பக்கத்து ரவர்களின் குறுக்கீட்டோடும் ஒப்பிடும்போது அது எவ்வளவு மேலே நிற்கிறது என்பது. வீட்டில் இரண்டு ரவர் மோதிக்கொண்டிருக்கலாம்.

வீட்டு வைஃபையிலும் இது உண்டா?

உண்டு. பழைய 802.11ஏ, ஜி வகைகளில் தாய்க் குறிமுறை வீதம் 1/2. துளைத்து 2/3, 3/4. பெட்டியில் போட்டிருக்கும் 54 எம்பிபிஎஸ் என்பது 3/4இல் வருவது. அதே அமைப்பு 1/2க்கு இறங்கி, ஒரு குறியீட்டில் ஏற்றுகிற பிட்டும் குறைந்தால் 6 எம்பிபிஎஸ். மண் சுவருக்கு அங்கால் போனை வைத்துப் பார்த்தால் இந்த ஏற்ற இறக்கத்தை நீங்களே காணலாம்.

எரிபொருளுக்குக் காட்டிய கியூஆரிலும் வழு திருத்தம் இருக்கிறதாமே?

இருக்கிறது. 2022இல் பெற்றோல் வரிசையில் காட்டிய அந்தச் சதுரத்துக்குள் ரீட்-சாலமன் குறிமுறை உள்ளது. 1960இல் வந்தது. கியூஆரில் நாலு மட்டங்கள்: ஏறத்தாழ 7, 15, 25, 30 சதவீதம் பழுதானாலும் மீட்கலாம். மடித்து மடித்துக் கசங்கிய தாளிலும் ஸ்கேன் ஆனதற்குக் காரணம் அது. பல வீதம் உண்டு. ஆனால் அச்சடித்த பிறகு மேலதிகம் அனுப்ப முடியாது என்பதால் வீத இசைவு இங்கே தேவைப்படுவதில்லை.

வயலில் தண்ணீர் மட்டம் பார்க்க லோரா (குறைந்த சக்தியில் நெடுந்தூரம் அனுப்புகிற வானலை முறை) சென்சர் வைக்கப் போகிறேன். 4/5, 4/6, 4/7, 4/8 என்று கேட்கிறது. எதைப் போடுவது?

4/5இல் தொடங்குங்கள். 4/5உம் 4/6உம் ஒரு துண்டில் பிழை வந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க மட்டுமே உதவும். 4/7உம் 4/8உம் ஒரு பிட் பிழையைத் திருத்தும். 4/8 போட்டால் செய்தி காற்றில் நிற்கிற நேரம் கூடும், மின்கலம் வேகமாக இறங்கும். குறுகிய நேர இடையூறு அடிக்கடி வருகிற இடமென்றால் மட்டும் அது பெறுமதி.

தூரம் போதவில்லை என்பதுதான் குறை என்றால் குறிமுறை வீதத்தைத் தொடாதீர்கள். முதலில் அன்ரனாவை உயர்த்துங்கள். வயற் பயிருக்கு மேலே, முடிந்தால் கூரை மட்டத்துக்கு. அதற்குப் பிறகு ஸ்பிரெடிங் ஃபாக்டரை (ஒரு குறியீட்டை எவ்வளவு நேரம் நீட்டி அனுப்புவது என்ற அமைப்பை) ஒன்று கூட்டுங்கள். ஒவ்வொரு படிக்கும் ஏறத்தாழ 2.5 டெசிபெல் உணர்திறன் கிடைக்கும். எந்த அலைவரிசையில் அனுப்ப அனுமதி என்பதைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குறுத்தும் ஆணைக்குழுவின் விதிகளில் பார்த்துவிட்டுக் கருவியை வாங்குங்கள்.

மாணவர் ஒருவர் எங்கே தொடங்குவது?

உயர்தர இணைந்த கணிதத்தில் உள்ள நிகழ்தகவும், 0, 1 மட்டும் கொண்ட கூட்டலும் போதும். மேலே தாளில் செய்த குறிமுறையைப் பைதானில் எழுதுங்கள். இருபது வரிக்குள் முடியும். பிறகு 1967இல் ஆண்ட்ரூ விட்டர்பி தந்த டிகோடிங் முறையை அதே நான்கு நிலைகளுக்கு எழுதுங்கள். வேண்டுமென்றே சில பிட்டுகளைப் புரட்டிவிட்டு, 8 பிட்டோடு எத்தனை தரம் தோற்கிறது, மிச்ச நாலையும் கொடுத்த பிறகு எத்தனை தரம் மீள்கிறது என்று எண்ணுங்கள். கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. 2021இலிருந்து வவுனியாவிலும் தனிப் பல்கலைக்கழகம் இயங்குகிறது. இந்த எண்ணிக்கையை ஒரு வரைபடமாகக் கையில் கொண்டுபோய் அங்கே தொடர்பாடல் படிப்பிக்கும் ஒருவரிடம் காட்டி, "இதில் துளை ஒழுங்கை மாற்றினால் கோடு எங்கே நகரும்?" என்று கேளுங்கள்.